ஈஸ்டர் அன்று அணைந்த சுவிட்ச்

கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து என் மாமனார் முதல்முறையாக எங்கள் கடலூர் வீட்டுக்கு வந்தார். வந்தது ஈஸ்டர் அன்று. வேறு எந்த நாளில் வந்திருந்தாலும் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அன்று காலை ஆறு மணிக்கே நான் துபாயிலிருந்து கொண்டுவந்த ஸ்லோ குக்கரில், கரண்டில் எட்டு மணி நேரம் மெதுவாக வேகவைக்கும் பானையில், இரண்டு கிலோ பன்றிக்கறியை முழுத் துண்டாக வைத்துவிட்டிருந்தேன். தவக்காலம் நாற்பது நாளும் கறி தொடாமல் இருந்துவிட்டு ஈஸ்டருக்குப் பன்றி சமைப்பது எங்கள் வீட்டு வழக்கம். சிதம்பரத்தில் மாமனார் வீட்டிலோ அந்தப் பெயரைக்கூட எடுக்க மாட்டார்கள். வேறு மதத்தில் கட்டிக்கொண்டாள் என்று மகளிடமே போனில் இரண்டு வார்த்தைதான் பேசுவார். என்னிடம் அதுவும் இல்லை.

எட்டு மணிக்கு, பஸ் ஏறிவிட்டதாக அவரிடமிருந்து போன் வந்தது. என் மனைவிக்கு முகமே வெளுத்துவிட்டது.

"பன்னிக்கறின்னு தெரிஞ்சா எழுந்து போயிடுவாருங்க. அப்பறம் வரவே மாட்டாரு."

"மூடிதான் போட்டிருக்கே. சாம்பார் தனியா வச்சிடலாம்," என்றேன். அவள் சாம்பார் வைத்தாள். நான் பண்ருட்டிப் பலாச்சுளையை வெல்லம், வினிகர், காய்ந்த மிளகாயோடு வேறு அடுப்பில் கொதிக்கவிட்டு, கறிக்கு ஊற்ற சாஸ் செய்தேன்.

பத்து மணிக்கு வந்தவர் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனார். பிறகு கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார்.

பன்னிரண்டுக்குப் போய்ப் பானையைத் தொட்டேன். சுடவில்லை. மூடியைத் திறந்தால் கறி பாதிதான் வெந்திருந்தது. சுவரில் சுவிட்ச் அணைந்திருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். யார் இருக்கிறார்கள் என்று யோசிக்காமல் கத்திவிட்டேன்.

"எவன் இத ஆஃப் பண்ணது?"

"நான்தான்," என்றார் மாமனார் கூடத்திலிருந்து. "ஆவியும் வரல, சத்தமும் வரல. சும்மா கரண்டு ஓடுதேன்னு அணைச்சேன்."

ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றினால் தாங்காத மனிதர் என்று மனைவி பிறகு சொன்னாள். அப்போது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் எழுந்து சமையலறை வாசற்படிக்கே வந்துவிட்டார்.

"உள்ள என்னா இருக்கு?"

மனைவி என்னைப் பார்த்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "பன்னிக்கறி மாமா. இன்னைக்கி எங்க பண்டிகை," என்றேன்.

அவர் பானையைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். அவள் கண்ணில் தண்ணீர் தளும்பி நின்றது. அவர் பையை எடுக்கத்தான் திரும்புகிறார் என்று நினைத்தேன்.

"பிரஷர் குக்கர் எங்கம்மா வச்சிருக்க?" என்றார். "நான் சாப்புட மாட்டேன். அதுக்காக என்னால ஒங்க பண்டிகை கெடக் கூடாது."

நான் கறியைத் துண்டு போட்டு மாற்றினேன். அவர் தொடவில்லை, அடுப்புப் பக்கத்தில் நின்று விசில் எண்ணினார். நாலுக்கு நிறுத்தப் போனேன். "இன்னும் ரெண்டு வுடுங்க மாப்ள, பெரிய துண்டா போட்டிருக்கீங்க," என்றார். மாப்பிள்ளை என்று அவர் என்னை முதல்முறையாகக் கூப்பிட்டது அன்றுதான்.

ஒரே மேஜையில்தான் சாப்பிட்டோம். அவர் சாம்பார் சாதத்துக்குப் பலாச்சுளை சாஸைத் தொட்டுக்கொண்டு, புளிப்பு கொஞ்சம் ஜாஸ்தி என்றார். ஜாஸ்திதான். கறியும் மெதுவாக வெந்த கறி போல உதிரவில்லை. ஆனாலும் அவ்வளவு நன்றியோடு நான் எந்தச் சாப்பாட்டையும் சாப்பிட்டதில்லை.

மூன்று மணிக்கு மாமியாரிடமிருந்து போன் வந்தது. எத்தனை மணி பஸ் என்று கேட்டிருப்பார் போல.

"இன்னைக்கி வரல," என்றார் மாமனார். "எங்க இருப்பேன்? நம்ம வூட்லதான் இருக்கேன்."

மனைவி குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.