தெள்ளுப்பூச்சி இருந்த வீடு

இன்று எங்கள் நாய்க்கு வாங்கி வந்த தெள்ளுப்பூச்சி மருந்தைத் திறந்ததும், அந்த நெடியோடு திருமழிசையில் நாங்கள் குடியிருந்த லைன் வீடு நினைவுக்கு வந்தது. இப்போது அங்கே ஒரு கிடங்கு நிற்கிறது, இடித்தது நல்லதுதான். சுவரோடு சுவராக ஐந்து வீடுகள், வெடித்த சிமெண்டுத் தரை, விரிசலெல்லாம் தெள்ளு. அம்மா தினமும் எங்கள் நாய் ஜூலியை வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டி, சீப்பால் வாரி, சிக்கிய தெள்ளுகளைச் சோப்புத் தண்ணீரில் அமுக்குவாள். அது படுக்கும் கோணியை வெந்நீரில் போடுவாள். தரையைப் பூசித் தரச் சொல்லி வீட்டுக்காரரிடம் கெஞ்சுவாள்.

"தரைக்கு இன்னா கீது? நாய தொரத்து, இல்லாங்காட்டி ஊட்ட காலி பண்ணு" என்பார் அவர், உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஜூலியைச் சைக்கிளில் ஏற்றிப்போய் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் விட்டுவிட்டு வந்தார். நாய் இல்லாத வீட்டில் தெள்ளுகள் எங்களைக் கடித்தன, முன்னைவிட மோசமாக. தடித்துச் சிவந்த கால்களோடு, அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றேன்.

"இப்ப யார தொரத்தணும்?" என்றேன்.

வீட்டுக்காரர் சிரித்தார். அப்பா என்னை ஓர் அறை அறைந்துவிட்டு, அவரோடு சேர்ந்து சிரித்தார். அறையை மறந்துவிட்டேன், அந்தச் சிரிப்பை இன்றுவரை மன்னிக்கவில்லை.