பூட்டிய போனுக்குள் அம்மா

நம்மூரில் வாசலில் செருப்பைக் கழற்றி விடுகிறோம். அயர்லாந்தில் நான் குடியிருக்கும் வீட்டில் செருப்போடு உள்ளே வந்துவிடுகிறார்கள், போனைத்தான் வாசலில் விடுகிறார்கள். கதவுக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு பிரம்புக் கூடை இருக்கிறது. வீட்டுக்காரம்மா நோராவின் பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போனை அதில் போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி ரொட்டிக்கு வெண்ணெய் தடவப் போய்விடுவார்கள். அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. மாடியறையில் வாடகைக்கு இருக்கும் எனக்கு முதலில் இது ஏதோ நேர்த்திக்கடன் போலத் தோன்றியது. அப்புறம் பொறாமையாக இருந்தது. இப்போது அந்தக் கூடையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். வீடு திருவொற்றியூரில். கணவர் சேகர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். மகள் மோனிஷா ஒன்பதாவது படிக்கிறாள். குடும்பத்தை அழைத்துக்கொள்ள விசா வரும் வரும் என்கிறார்கள், வந்தபாடில்லை. எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம் வரும்போது அங்கே சாயங்காலம். மோனி போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டு அவள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள். தலை சீவுவாள், கணக்குப் போடுவாள், பழைய குழம்பைச் சூடு பண்ணுவாள். நான் இங்கே ஆறிப்போன சாண்ட்விச்சை மென்றுகொண்டு பார்த்திருப்பேன். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டோம். பக்கத்து வீட்டு ரோஸி அக்கா நடுவில் தலையை நீட்டி, "இன்னா நர்ஸம்மா, துன்னியா?" என்று கேட்டுவிட்டுப் போவார். எங்களுக்குக் குடும்பம் என்பது அந்தச் சாய்த்து வைத்த போன்தான்.

வினை என்னவென்றால், நான் வைத்த பிறகும் அந்தப் போன் அவள் கையைவிட்டு இறங்கவில்லை. ரீல்ஸ், கேம், தோழிகளோடு சண்டை, சண்டையைப் பற்றி இன்னொரு குரூப்பில் சண்டை. யாரோ ஒருத்தி இவள் போட்டோவுக்குக் கீழே ஏதோ எழுதிவிட்டாள் என்று சாப்பிடாமல் படுத்தாள். காலையில் எழுப்பினால் அப்பாமேல் எரிந்து விழுந்தாள். வகுப்பு டீச்சர் சேகரைக் கூப்பிட்டு, பெண் பாடத்தில் தூங்குகிறாள் என்றார். நான் கேட்டால் ஒரே பதில்: "எல்லாரும்தான் பாக்கறாங்கோ. என்ன மட்டும் இன்னாத்துக்குக் கேட்டுகினே கீற?"

ஒருநாள் ஆற்றாமல் நோராவிடம் சொன்னேன், என் மகள் சாயங்காலமானால் போனும் கையுமாக இருக்கிறாள் என்று. யாரோடு பேசுகிறாள் என்று கேட்டாள். "பாதி நேரம் என்னோடுதான்" என்றேன். நான் வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்து நோரா வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு முகத்தை நல்ல டீச்சர் போல வைத்துக்கொண்டு, போனைப் பிடுங்குங்கள், கொஞ்ச நாள் முறைப்பார்கள், அப்புறம் வெளியே போய் விளையாடுவார்கள் என்றாள். அவள் வீட்டுக்குப் பின்னால் புல்வெளி, அதில் ஒரு நாய். எங்கள் தெருமுனையில் கண்டெய்னர் லாரி வரிசை, அதைத் தாண்டினால் கடலரிப்பைத் தடுக்கப் போட்ட கருங்கல். என் மகள் எங்கே போய் விளையாடுவாள் என்று கேட்க எனக்கு இங்கிலீஷும் வரவில்லை, தெம்பும் வரவில்லை.

ஆனாலும் ஆசை விடவில்லை. பிள்ளைகளின் போனை வெளியூரிலிருந்தே பூட்டலாம் என்று ஒரு ஆப் இருக்கிறதே, அதை சேகரை வைத்துப் போடச் செய்தேன். ஏழு மணிக்கு மேல் எதெல்லாம் திறந்திருக்கலாம் என்று அது கேட்டது. வந்த வீராப்பில் ஒன்றுமே வேண்டாம் என்று அழுத்தினேன். அதில் வீடியோ காலும் போயிற்று. ஏழு மணிக்கு முன்னாலேயே நான் பேசிவிடுவேனே, அப்புறம் எதற்கு என்று நினைத்தேன். இங்கே கூடையில் போனைப் போட்டால் அடுப்படியில் அம்மா நிற்கிறாள். எங்கள் வீட்டில் போனைப் பூட்டினால் அதற்குள்தான் அம்மா இருக்கிறாள். இது ஒரு தாய்க்குத் தெரிய வேண்டாமா?

எண்ணூர்ப் பக்கமிருந்து காற்றில் கண்ணெரியும் வாடை வருவது எங்களுக்குப் புதிதல்ல. எந்த ஆலையிலிருந்து வருகிறது என்று யாரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. துணியை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு தெருவே வெளியே போய்விடும். பூட்டுப் போட்ட சில நாளில், ஏழரை வாக்கில் அந்த வாடை வந்தது. ரோஸி அக்கா மீஞ்சூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். சேகர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு மோனி எனக்குப் போன் போட்டிருக்கிறாள். நான் அப்போது ஒரு பாட்டிக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். தெருக்காரர்கள் கதவை இடித்து அவளை வெளியே கூட்டிப் போனார்கள். உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் சேகர் சொன்னார், "பொண்ணு ஒன்னியத்தான் தேடிச்சு. போனு தொறக்கல."

அன்றைக்கே பூட்டை எடுத்தேன். ஆனால் அவள் போனைத் தொடவில்லை. நான் கூப்பிட்டால் எடுப்பாள். "நல்லா கீறேம்மா. துன்ட்டேன். வெக்கிறேன்." அவ்வளவுதான். அரிசி டப்பாமேல் யாரும் என்னைச் சாய்த்து வைக்கவில்லை. வாராவாரம் அந்த ஆப், உங்கள் பிள்ளை போன் பார்ப்பது வெகுவாகக் குறைந்திருக்கிறது என்று பாராட்டி அனுப்பியது. டீச்சரும் பாராட்டினார். நோரா என் தோளைத் தட்டினாள். சாப்பாட்டு நேரத்தில் கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வந்து நான் இல்லத்துப் பாட்டிகளுக்கு மாத்திரை கொடுத்தேன்.

போன மாதம் லீவு போட்டு ஊருக்குப் போனேன். வாங்கிப் போன ஸ்வெட்டரைக் கையில் கொடுத்தால், "தேங்க்ஸ்மா" என்கிறாள். நான் பெற்ற பெண் எனக்குத் தேங்க்ஸ் சொல்கிறாள்! பக்கத்தில் போய் உட்கார்ந்தால் மரியாதையாக நகர்ந்து இடம் விடுகிறாள். கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறாள். அதற்கு அவள் என்னைக் கண்டபடி திட்டியிருக்கலாம். இத்தனை தூரம் பறந்து வந்தது இதற்குத்தானா என்று இருந்தது.

ஒரு சாயங்காலம் நெத்திலி வறுத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மோனியின் முகம். அவளுக்குப் பின்னால் எங்கள் வீட்டு மொட்டை மாடித் தண்ணீர் தொட்டி.

"இன்னாடி, மேலதான கீற? கீழ வா, பேசலாம்."

"நேர்ல பேச வர்லமா. இதுலயே கேளு."

அடுப்பை அணைத்தேன்.

"அன்னிக்கு கண்ணு எரிஞ்சுது. ஒனக்குப் போட்டேன். பூட்டு மாரி படம் வந்துது. திருப்பித் திருப்பிப் போட்டேம்மா. நீ செத்துட்ட மாரி இருந்துச்சு."

போனோடு படிக்கட்டுக்கு ஓடினேன். என் காலடிச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"மேல வராத. வந்தீனா கட் பண்ணிடுவேன்."

பாதிப் படியில் நின்றுவிட்டேன். மேலே அவள் அழும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பிந்தி அதே அழுகை என் கையிலிருந்த போனிலும் கேட்டது.