தறி யாருடையது?

ஐம்பத்தெட்டு வயதில் கலியாணசுந்தரத்துக்கு ஆகாய விமான ஆசை பிடித்தது. பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவாளர் அவர். கால் தறிக்குழியிலும் நா பதிகத்திலுமாக நாற்பது ஆண்டுகளைக் கழித்தவர். வடக்கே திருத்தணி, கிழக்கே செங்கற்பட்டு. அவர் கண்ட உலகின் எல்லைகள் அவ்வளவே.

தில்லிக் கண்காட்சி ஒன்றில் நெய்து காட்ட ஒரு நெசவாளருக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லலாம், போகவர விமானம். நிபந்தனைகள் இரண்டு: தறி சொந்தமாக இருக்க வேண்டும், பார்க்க வருவோரிடம் நாலு வார்த்தை ஆங்கிலம் பேச வேண்டும். தறிதான் வீட்டில் இருக்கிறதே என்று, கலியாணசுந்தரம் ஆங்கிலத்துக்கு மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டார். செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து பாடம் நடத்தினாள் தீபிகா.

"ஐயா, ஹேவ்னா எல்லாத்துக்கும் போடலாம். அண்ணன், ஜுரம், குடை எதுவானாலும். ஓன்னா சொந்தம், அது அப்படி இல்லீங்க. யாரையும் கேக்காம நீங்க அத விக்க முடியணும், இல்ல தூக்கிக் குடுக்க முடியணும். அப்பதான் ஓன்."

"அப்போ என் இருமலை நான் ஓன் பண்ண முடியாதா டீச்சரம்மா?"

"வித்தா யாரு ஐயா வாங்குவாங்க?"

வகுப்பே சிரித்தது; அவர் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். வீடு திரும்பும் வழியெல்லாம் கண்ணில் பட்டதையும் நெஞ்சில் பட்டதையும் இரு கூறாக்கிக்கொண்டே சைக்கிளை மிதித்தார். சைக்கிள், ஓன். முழங்கால் வலி, ஹேவ். தறியில் ஏறியிருக்கும் மாம்பழ நிறச் சேலை? பட்டும் ஜரிகையும் முதலாளி தந்தவை. ஆகவே ஹேவ், அதுவும் பதினைந்தே நாளைக்கு. ஏகாம்பரநாதர் கோபுரம் எதிர்ப்பட்டதும் கணக்குத் தடுமாறியது. அவர் நமக்கு உடைமையா, நாம் அவருக்கா? 'அவரே நம்மை ஓன்' என்று தீர்ப்பெழுதி, மெய்சிலிர்த்து, இரு கைகளையும் தலைமேல் குவித்தார். பிடி விட்ட சைக்கிள் பூக்காரி அலமுவின் வாழைநார்க் கட்டின்மேல் போய்ச் சாய்ந்தது.

"இன்னா சாமி, எறங்கி நின்னுகினு கும்புடக் கூடாதா?"

"அலமு! யூ ஓன் திஸ் ஷாப்!"

"போப்பா அந்தாண்ட. வாடகைக் கடை இது."

அன்றுமுதல் அவர் தறியில் பாடமும் ஓடியது. சேலையின் உடலும் கரையும் வேறுவேறு நிறமாய்ப் பின்னி இணையும் கோர்வை நெசவுக்கு இருவர் வேண்டும். குழிக்குள் அவர் அமர்ந்து நெய்வார். வலப்பக்க ஓரத்தில் மனைவி வடிவாம்பாள் அமர்ந்து கரை நூலை ஓட்டும் சிறு ஓடமான கரை நாடாவைத் தள்ளுவாள். முப்பத்து நான்கு ஆண்டுகளாக இதுவே ஒழுங்கு. இப்போது நாடாவுக்கு ஒரு வாக்கியமாக அவர் முழங்கினார்; அவள் "ம்" என்று மட்டும் சொல்லிக் கரையை ஓட்டினாள்.

தறியைப் பார்வையிட அதிகாரி வந்த காலையில், திருநீறு துலங்க, விமானம் ஏறியவர் போலவே குழிக்குள் இறங்கி அமர்ந்தார் கலியாணசுந்தரம். வாசலை அண்டைவீட்டார் அடைத்து நின்றனர். தீபிகாவும் வந்திருந்தாள். கோர்வையைக் கண்டு தலையசைத்த அதிகாரி கேட்டார்:

"டு யூ ஓன் திஸ் லூம்?"

'எஸ்' என்ற சொல் பல்வரை வந்து நின்றது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு, இதே தறியை விற்று ஆட்டோ வாங்க முனைந்தார் அவர். வாங்குபவர்கள் வண்டியோடு வந்துவிட்டார்கள். வடிவாம்பாள் சோற்றுக் கிண்ணத்தோடு இதே குழிக்குள் இறங்கி அமர்ந்தாள். "எங்கப்பா சீரா குடுத்த தறி. என்னையும் சேத்து வித்துக்கோ" என்றாள். பொழுது சாயுமட்டும் எழவில்லை. வண்டி வெறுமனே திரும்பிற்று. கேளாமல் விற்க முடிய வேண்டும் என்றாளே தீபிகா!

நாடாவைக் கீழே வைத்தார். விமானம் அவரை விட்டு மேலெழுந்து போவது கண்ணுக்குத் தெரிந்தது.

"நோ சார். ஐ ஹேவ் எ லூம். மை வைஃப் ஓன்ஸ் இட்."



"அப்போ விண்ணப்பம் அந்த அம்மா பேர்லதான் வரணும்" என்றார் அதிகாரி. "ஆனா அவங்களுக்கு இங்கிலீஷ்..."

வடிவாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். கரை நாடாவை ஓட்டும் அதே சீரில், ஓட்டத்துக்கொரு வாக்கியமாகத் தொடங்கினாள்.

"மை நேம் இஸ் வடிவாம்பாள். ஐ ஓன் திஸ் லூம். ஐ ஹேவ் எ ஹஸ்பண்ட். ஹீ ஹேஸ் எ காஃப். ஐ டோன்ட் ஓன் ஹிஸ் காஃப்!"

அதிகாரி சிரிப்பை அடக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தீபிகா கைதட்டினாள், வாசல் ஆரவாரித்தது.

"ஏய் வடிவு! இத்த எப்போ கத்துகினே?"

"காதாண்ட குந்திகினு ஒரு மாசமா கத்திக்கினு இருந்தா கல்லுக்குக் கூட வந்துடும்."

படிவத்தில் அவள் பெயர் ஏறியது. துணையாள் யார் என்று அதிகாரி கேட்டார். வடிவாம்பாள் கூரையை ஒருமுறை பார்த்தாள். கலியாணசுந்தரம் தம் வாழ்நாளில் எந்தச் சந்நிதியிலும் அத்தனை பணிவாக நின்றதில்லை.

"இவரையே போட்டுக்கோங்க சார். பழகின ஆளு."

அன்று பிற்பகலே ஒத்திகை தொடங்கியது. குழிக்குள் அவள்; ஓரத்தில் அவர். நான்காம் ஓட்டத்திலேயே அவருடைய கரை நாடா பின்தங்கியது.

"இன்னாங்க, எங்க இருக்குறீங்க?"

"மேகத்துல, வடிவு" என்றார் அவர், நாடாவைத் தள்ளியபடி.