மதுரைக்குச் செம்புக் கம்பி வாங்கப் போனது

காலை ஐந்தரை மணிக்கு அருப்புக்கோட்டையில் விருதுநகர் பஸ் ஏறினேன். யுத்தத்தால் பெட்ரோல் கிடையாது. வண்டியின் முதுகில் கட்டிய அடுப்பில் கரி கனன்றால்தான் சக்கரம் உருளும். பன்னிரண்டு மைல், கட்டணம் ஆறணா. என் மடியில் கருகிய கம்பித் துண்டு ஒன்று. பாளையம்பட்டி ராமசாமி அண்ணன் கிணற்று மோட்டாரிலிருந்து எடுத்தது. அந்தக் கிணற்றை நம்பி இரண்டு ஏக்கர் மிளகாய் நிற்கிறது.

"இன்னையிலருந்து எட்டு நாளு செடி தாங்கும் தம்பி. ஒம்பதாம் நாளு சருகுதான்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மோட்டார் ரிப்பேர் பார்ப்பது என் தொழில். அவரை மோட்டார் மாட்டச் சொன்னவன் நான். அதுவரை தண்ணீர் இறைத்த கமலை மாட்டை விற்கச் சொன்னவனும் நான்தான். கம்பியில்லாமல் ஊர் திரும்புவதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

விருதுநகரில் ஏறிய ரயில் ஒன்பதரைக்கு மதுரை சேர்ந்தது. மோட்டாருக்குள் வைக்கும் செம்புக் கம்பிக்கு மேலே நூல் சுற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றோடொன்று உரசிக் கருகிவிடும். டவுன் ஹால் ரோட்டில் மூன்று கடைகளில் கையை விரித்தார்கள். நாலாவது கடைக்காரர் சிரித்தே விட்டார்.

"நூல் கம்பி பூராம் பட்டாளத்துக்குப் போகுது. சித்திரைக்கு மேல வாங்க."

"சித்திரையில செடி அடுப்புக்குத்தாங்க ஆகும்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, பரணிலிருந்து ஒரு சுருளை இறக்கினார். அதே கனம்தான், ஆனால் வெறும் செம்பு. பதினெட்டு ரூபாய். அரக்கு வார்னிஷ் ஒரு புட்டியும் சேர்த்து வாங்கினேன். இதை வைத்து என்ன செய்யப்போகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது. வெறுங்கையோடு போக மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

மாலை நாலு மணிக்கு விருதுநகரில் திரும்பும் பஸ். குமாரலிங்கபுரத்தைத் தாண்டியதும் ஏற்றத்தில் கரி அவிந்து வண்டி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி உடைமர நிழலில் ஒதுங்கினோம். எங்கள் தெரு நெசவுக்காரர் வீட்டு ரங்கம்மா நூல் சிப்பத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டில் தெலுங்கு, வெளியே நம்மைவிடச் சுத்தமான தமிழ்.

"என்ன தம்பி, செம்புல ஜரிகையா?"

என் பாட்டைச் சொன்னேன். கம்பியை விரலில் உருட்டிப் பார்த்தார்.

"ஜரிகையில நூலு மேல தகடு சுத்தியிருக்கும். உங்களுக்குச் செம்பு மேல நூலு சுத்தணும். அம்புட்டுத்தானே? ராட்டை இருக்கு, வீட்டுல அவுகளும் இருக்காக."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தத் தெருவில் ஆறு வருஷமாகக் குடியிருக்கிறேன். ராட்டைச் சத்தத்தைத் திட்டியிருக்கிறேனே தவிர, ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

மறுநாள் விடிந்ததும், தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டுகிற இடத்தில் கம்பியை நூறடிக்கு இழுத்துக் கட்டினோம். ஒரு முனையில் அவர் கணவரும் மறுமுனையில் நானும் ராட்டை சுற்ற, கம்பி சுழன்றது. ரங்கம்மா நூலைக் கொடுத்துக்கொண்டே நடந்தார். இடைவெளி தெரியாமல் ஏறியது நூல். மதியம் நான் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், முடித்த மூன்று கம்பிக்கும் பழக்கதோஷத்தில் கஞ்சி தடவிக் காயப்போட்டிருக்கிறார்!

"ஐயையோ அக்கா! கஞ்சி ஈரத்தை இழுக்கும். மோட்டாரு மறுபடி கருகிரும்."

"கஞ்சி இல்லாம நூலு எப்பிடி நிக்கும்?"

நூலையும் நிறுத்தி ஈரத்தையும் தடுக்கிற அரக்கைத் தடவிக் காட்டினேன். மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். மூன்றையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். அன்றைய பொழுது அப்படிப் போயிற்று.

நூல் சுற்ற நாலு நாள், மோட்டாருக்குள் வைத்துக் கட்ட இரண்டு நாள். அரக்குக் காய ஒரு பகல் வெயில். அதற்கு எங்கள் சீமையில் பஞ்சமில்லை. எட்டாம் நாள் மாலை சுவிட்சைப் போட்டேன். மோட்டார் உறுமியது, பிறகு சீராக ஓடியது. தண்ணீர் முதல் பாத்தியில் பாய்ந்ததும் ராமசாமி அண்ணன் மடையை அடுத்த பாத்திக்குத் திருப்பிவிட்டுக் கேட்டார்.

"மதுரையில எந்தக் கடைச் சரக்கு தம்பி?"

"செம்புதான் அண்ணே மதுரை. மத்ததெல்லாம் எங்க தெரு."

இப்போதெல்லாம் சாமான் பட்டியல் எழுதியதும் பஸ்ஸுக்கு ஓடுவதில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை நடக்கிறேன். முதலில் நிற்பது ரங்கம்மா வீட்டு வாசலில்.