ஒரு விரக்கடை தூரம்

"ஏய்யா, சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் பிளேன்ல எம்புட்டு நேரம்?"

தாயில்பட்டி விலக்கில், பட்டாசுக் கம்பெனி வண்டிக்காகத் தூக்குவாளியோடு நிற்கும் சோலையம்மாள், சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருக்கும் சங்கரலிங்கத்தை நிறுத்திக் கேட்கிறாள். வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும், சௌகரியம் விசாரிக்கும் முன்னால் இந்தக் கேள்விதான்.

"ஒரு மணி நேரம், பெரியம்மா. ஜூஸ் குடிச்சு முடிக்கங்குள்ள எறக்கி விட்டுருவான்."

"சாத்தூர் பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்குற நேரம்" என்கிறாள், புதிதாகக் கேட்டவள் போல.

அதே வண்டிக்காகப் பக்கத்தில் நிற்கும் வேல்விழி சும்மா இருப்பாளா? "போன மாசம் கேட்டதுக்கும் ஒரு மணி நேரம்னுதான சொன்னாக. மாசத்துக்கு மாசம் பிளேன் பைய போகுமாக்கும், மதினி?"

"யாரும் மாத்திச் சொல்லுதாகளான்னு பாக்கேன்."

பட்டாசுக்குத் திரி வெட்டுகிற கை அவளுடையது. இவ்வளவு நீளம் என்றால் இவ்வளவு நேரம் எரியும். தூரமும் நேரமும் அவளுக்கு ஒன்றுதான். அச்சாபீஸில் கலர் விலகிப்போய் ஒதுக்கிய ஆசியா மேப் ஒன்றைச் சுவரில் ஒட்டி, அந்த இரண்டு ஊர்களுக்கும் குங்குமம் வைத்திருக்கிறாள். இரண்டு பொட்டுக்கும் நடுவே விரல் வைக்க இடமில்லை, ஒரு விரக்கடைகூட இல்லை. "திரி இம்புட்டு நீளம்னா, பத்த வச்சவன் திரும்புறதுக்குள்ள வெடிச்சுரும்" என்பாள்.

ஒரு பொட்டு அவளுடைய மூத்த மகன் காளீஸ்வரன். மற்றது இளையவன் முத்துப்பாண்டி. அப்பா இறந்தபோது, மூத்தவன் சிங்கப்பூரிலிருந்து வந்து சேருமுன்பே, பொழுது சாய்கிறதென்று ஊர் அவசரப்படுத்த, இளையவன் கொள்ளி வைத்துவிட்டான். மூத்தவன் வைக்க வேண்டிய கொள்ளி. அன்றோடு இருவருக்கும் பேச்சில்லை. பிறகு இளையவனும் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனான்.

சிங்கப்பூர் போகிறவர் கிடைத்தால் சாத்தூர் காராச்சேவு இரண்டு பொட்டலம் வாங்குவாள். ஒன்று அவரோடு மூத்தவனுக்குப் போகும். மற்றது மலேசியா போகிற ஆளுக்காக டப்பாவில் காத்திருந்து, பாதி நாள் காறிப்போகும்.

இங்கே கேட்கிற கேள்வி அங்கே போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரியும். சேர்ந்தும்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு செல்போனில் மூத்தவன் சிடுசிடுத்தான்.

"வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் பிளேன் நேரம் கேட்டு என் மானத்த வாங்குதியாம்."

"தெரியாததக் கேட்டேன். நீ சொல்லு, எம்புட்டு நேரம்?"

மூத்தவன் குரல் இறங்கியது.

"பிளேன் எதுக்கு? பஸ் இருக்கு. விசாரிச்சேன். ராத்திரி ஏறுனா விடிய எறங்கிரலாம்."

சோலையம்மாள் செல்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

சங்கரலிங்கம் புறப்படும் அன்று பொட்டலம் வாங்கிப்போக வந்தான். அவள் ஒன்றை மஞ்சள் பைக்குள் வைத்தாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு டப்பா வரை போனாள், மூடியைத் திறந்தாள். பிறகு திரும்பி வந்து, அதையும் அதே பைக்குள் வைத்து, வாயைச் சுருட்டி, அவிழாதபடி இரட்டை முடிச்சுப் போட்டு அவனிடம் நீட்டினாள்.