ஜனவரி ஒன்றில் பிறக்காதவள்

துபாய் தேராவில் ஒரு டைப்பிங் சென்டரில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். விசா, எமிரேட்ஸ் ஐடி, வீட்டு வாடகை ஒப்பந்தம் என்று யாராவது காகிதக் கட்டோடு வந்து நிற்பார்கள், நான் தட்டிக் கொடுப்பேன். என் கவுன்டருக்கு வரும் நம்மாட்களில் நிறைய பேருக்குப் பிறந்த தேதி ஜனவரி ஒன்று அல்லது ஜூன் ஒன்று. எல்லாம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டது. என்னுடையதும் ஜூன் ஒன்றுதான். "ஒங்களையும் வாத்தியார்தான் பெத்தாராக்கா?" என்று ஷார்ஜா லேபர் கேம்பிலிருந்து வரும் தம்பிகள் கேலி செய்வார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த பாரத்தை எடுப்பேன்.

இந்த வருடம் நோன்புப் பெருநாள் விடுமுறையோடு கொஞ்சம் லீவைச் சேர்த்து, ஒன்பது நாள் வட தாய்லாந்துக்குப் போய் வந்தேன். கடற்கரை, மசாஜ், மிதக்கும் சந்தை எதுவும் இந்தப் பதிவில் கிடையாது. நான் போனது பர்மா எல்லையை ஒட்டிய மலைகளில் இருக்கும் கரேன் கிராமங்களுக்கு. கூட்டிப்போனவள் ஏமூ. தேராவில் ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் செய்கிறாள், எங்கள் சென்டருக்கு வாடிக்கை. அவளுடைய அக்கா மே சரியாங் என்ற சிறு நகரத்தில், பள்ளிக்கூடம் இல்லாத மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்காக விடுதி நடத்துகிறார். எங்கள் சென்டரில் நான்கு பேர் சேர்ந்து அந்த விடுதிக்கு முடிந்ததை அனுப்பி வருகிறோம். வருடத் தேர்வு முடிந்ததும் அந்த அக்கா ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் நேரில் போய், மதிப்பெண்ணைச் சொல்லி, அடுத்த வருடத்துக்கும் அனுப்பச் சம்மதம் வாங்குவார். "தீதி, நீங்களும் வாங்களேன்" என்று, கல்ஃபில் கற்ற இந்தியில் அக்கா முறை சொல்லி ஏமூ கூப்பிட்டாள். என் வீட்டுக்காரரும் "போய்ட்டு வா, நாங்க பாத்துக்கிறோம்" என்றார். அவர் மனம் மாறுவதற்குள் டிக்கெட் போட்டுவிட்டேன்.

துபாயிலிருந்து பாங்காக் வழியாக சியாங் மாய், போகவர 1,940 திர்ஹம். சியாங் மாயிலிருந்து மே சரியாங் 190 கிலோமீட்டர். காலை ஒன்பது மணி வேனில் ஏறினால் மதியம் ஒன்றரைக்குப் போய்ச் சேரலாம், ஆளுக்கு 250 பாட். வளைவுகள் ஏராளம். வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதம் மலையெங்கும் காட்டைக் கொளுத்தும் காலம், ஜன்னலுக்கு வெளியே புகையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அழகான படங்களை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும்.

வழியில் ஒரு செக்போஸ்ட். போலீஸ்காரர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்து வணக்கம் வைத்தார். ஏமூவிடம் மட்டும் அடையாள அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். இந்த மண்ணில் பிறந்தவள் அவள், எட்டிப் பார்க்க வந்தவள் நான். வேன் நகர்ந்ததும், "மாஃபி முஷ்கில், ஒண்ணும் பிரச்சினை இல்லை, என்கிட்ட அட்டை இருக்கு. இல்லாதவங்களைத்தான் இறக்கிவிடுவாங்க" என்றாள். மலையில் பிறந்து பிறப்பைப் பதியாமல் விட்ட பிள்ளைகளுக்கு அட்டை கிடையாது, அட்டை இல்லாமல் மாகாணத்தை விட்டு வெளியே போக ஒவ்வொரு முறையும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஏமூவின் அக்காவை ஊரே 'தரமு' என்றுதான் கூப்பிடுகிறது. கரேன் மொழியில் டீச்சரம்மா என்று அர்த்தம். குள்ளமான, வேகமான பெண்மணி. என் பெட்டியை இரண்டு பேர் தூக்கி வந்ததைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நம் வழக்கம்தான், கல்ஃபிலிருந்து எங்கே போனாலும் முப்பது கிலோ அட்டைப்பெட்டி, நாலு பக்கமும் பெயர் எழுதிக் கயிறு கட்டி. பேரீச்சம்பழமும் பால் பவுடரும் சரி, ஒரு டஜன் தைலப் புட்டியும் கொண்டுபோயிருந்தேன். அதே தைலம் மே சரியாங் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கியது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஃபோர் வீல் பிக்கப்பில் கிளம்பினோம். ஓட்டுநரோடு நாள் வாடகை 2,500 பாட். 54 கிலோமீட்டர்தான், முப்பது தார்ச் சாலை, மீதி செம்மண். மூன்றேகால் மணி நேரம் ஆனது. ஓட்டுநர் ஒவ்வொரு ஏற்றத்திலும் வண்டியை நிறுத்தி யோசிப்பார், பின்னாலிருந்து ஏமூ, கிளம்பச் சொல்லி, "யல்லா, யல்லா" என்பாள். அவருக்கு என்ன புரிந்ததோ, வண்டி ஏறிவிடும்.

இரண்டு நாளில் ஐந்து வீடுகள். மூங்கில் கால்களின் மேல் நிற்கும் வீடுகள், உள்ளேயே அடுப்பு. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி 'சோறு சாப்பிட்டாச்சா' என்பதுதான். ஆமாம் என்றாலும் தட்டு வந்துவிடும். மலை அரிசிச் சோறு, பூசணிக் கொழுந்து, கண்ணில் நீர் வரவைக்கும் மிளகாய்த் துவையல். மூன்று வேளையும் சோறு தின்று வளர்ந்த எனக்கு அந்தத் தட்டில் ஒரு குறையும் இல்லை.

ஐந்தாவது வீட்டுக்குத்தான் உண்மையில் வந்ததே. அது போவாவின் வீடு. போவாவுக்குப் பதினைந்து வயது, விடுதியில் படித்து ஒன்பதாம் வகுப்பை முடித்தவள். சியாங் மாயில் ஒரு தொழிற்கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. மே மாதம் சேர வேண்டும், ஆனால் அவளிடம் அட்டை இல்லை. வீட்டிலேயே பிறந்தாள், யாரும் போய்ப் பதியவில்லை. தரமு ஒருமுறை போட்ட விண்ணப்பத்தை, பிறந்த தேதி குத்துமதிப்பாக இருக்கிறதென்று மாவட்ட அலுவலகத்தில் திருப்பிவிட்டார்கள். இன்னொரு முறை பொருந்தாத தேதியோடு போனால் பொய்க்கணக்கு என்று கோப்பை மூடிவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். வரும் திங்கட்கிழமை மறுபடி அதிகாரி முன்னால் நிற்க வேண்டும்.

தரமு பாரத்தை விரித்து வைத்து அப்பாவையும் அம்மாவையும் கேட்டார். ஏமூ மெதுவாக மொழிபெயர்த்ததை என் தமிழில் தருகிறேன்.

"மழைக்காலம்" என்றார் அப்பா.

"எந்த மாசம்?"

"நெல்லுக்கு ரெண்டாம் களை எடுத்துக்கிட்டிருந்தோம். மூணாவது மேட்டு வயல்."

"தேதி?"

அவர் கையை விரித்தார். அம்மா அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

இங்கேதான் என் பதினாறு வருட அனுபவம் வாயைத் திறந்தது. "ஏமூ, உங்க அக்காகிட்ட சொல்லு, இதுக்கெல்லாம் மண்டையை உடைச்சுக்க வேண்டாம். ஜனவரி ஒண்ணுன்னு போடச் சொல்லு. எங்க ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான். எந்த ஆபீஸ்லயும் ஒரு கேள்வி வராது." துபாயில் காகித வேலையே தொழிலாகச் செய்கிறவள் சொல்கிறாளே என்று தரமு பேனாவால் எழுதியே விட்டார்.

போவா எங்கள் பக்கம் நகர்ந்து வந்தாள். பாரத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அண்ணனின் பிறப்புச் சான்றிதழை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். அண்ணன் ஆஸ்பத்திரியில் பிறந்தவன், இவளுக்கு முந்தைய வருடம் மே மாதம்.

"அண்ணன் பிறந்து எட்டு மாசத்துலயா?" என்று கேட்டாள்.

அம்மா அடுப்பிலிருந்து திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை மொழிபெயர்க்க ஏமூ தேவைப்படவில்லை. அதற்கப்புறம்தான் அம்மா ஏதோ சொன்னாள், வீடே சிரித்தது. "ஜனவரியில நான் இறக்கி வச்சது நெல்லு மூட்டையை, பிள்ளையை இல்லை" என்றாளாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தாள் திங்கட்கிழமை அதிகாரி கைக்குப் போயிருந்தால் பெண்ணின் படிப்பு அதோடு போயிருக்கும். வெட்கத்தில் முகம் எரிந்தது. தரமு இன்னொரு பிரதி வைத்திருந்தது என் அதிர்ஷ்டம். "கலாஸ், முடிஞ்சு போச்சு, விடுங்க தீதி" என்று ஏமூ தோளில் தட்டினாள்.

போவாவின் அப்பா எழுந்து, எங்களைக் கூட வரச் சொல்லிக் காட்டுப் பக்கம் நடந்தார். இருபது நிமிட ஏற்றம், புகை, என் மூச்சிரைப்பு. நின்ற இடத்தில் ஒரு பெரிய மரம். கரேன் மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையின் தொப்புள்கொடி உதிர்ந்ததும் அதை மூங்கில் குழாயில் போட்டு, அப்பா காட்டில் ஒரு மரத்தில் கட்டுவார். அது அந்தப் பிள்ளையின் மரம், யாரும் வெட்டக் கூடாது. குழாய் எப்போதோ மக்கிப் போய்விட்டது. ஆனாலும் அப்பா மரத்தின் மேல் கையை வைத்து "போவா" என்றார், ஆளை அறிமுகப்படுத்துவது மாதிரியே.

அடுத்து, பத்தடி தள்ளியிருந்த இன்னொரு மரத்தைக் காட்டினார். அது பக்கத்து வீட்டுப் பையனுடையது. அவனுடைய அப்பாவும் அவரும் ஒரே காலையில் வந்து கட்டினார்களாம்.

இதைக் கேட்டதும் எனக்குள் இருந்த டைப்பிங் சென்டர்காரி மறுபடி விழித்துக்கொண்டாள், இந்த முறை கொஞ்சம் அடக்கத்தோடு. "அந்தப் பையன் எங்கே பிறந்தான்?" என்று கேட்கச் சொன்னேன். நகரத்து ஆஸ்பத்திரியில். காகிதம் இருக்கிறதா? இருக்கிறது. எல்லோரும் ஓட்டமும் நடையுமாகக் கீழே இறங்கினோம். பக்கத்து வீட்டுக்காரர் தகரப் பெட்டியிலிருந்து ஆஸ்பத்திரிப் புத்தகத்தை எடுத்தார். தாயும் பிள்ளையும் வீட்டுக்கு அனுப்பப்பட்ட தேதி ஆகஸ்ட் 12.

போவாவின் அம்மா அதைக் கேட்டதும் கையோடு கொண்டுவந்த விறகைக் கீழே போட்டாள். "இவரு பொண்டாட்டி அவ பிள்ளையோட பிக்கப்ல மழையில நனைஞ்சுக்கிட்டு வந்து இறங்கினா. நான் வாசல்ல நின்னு பார்த்தேன். என் கையில இவ. இவளுக்கு ரெண்டு ராத்திரி வயசு."

ஆகஸ்ட் 10. தரமு புதிய தாளில் எழுதினார். பக்கத்து வீட்டுக்காரர் சாட்சிக்கு வருவதாகச் சொன்னார். நம்மிடம் தேதி கேட்டால் காலண்டரைப் பார்ப்போம். அவர்களிடம் அன்றைக்கு யார் நனைந்தார்கள், எந்த வயலில் களை எடுத்தார்கள் என்று அத்தனையும் இருந்தது. சரியாகக் கேட்க மட்டும் யாருமில்லை. பதினாறு வருடத்தில் எத்தனை பேரிடம் நான் கேட்காமலேயே தட்டிக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்தபோது கஷ்டமாக இருந்தது.

கிளம்பும்போது போவா என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள், "உங்கள் பிறந்தநாள் எப்போது?"

"ஜூன் ஒன்று. ஆனால் அது நிஜமில்லை" என்றேன்.

"அன்றைக்கு உங்கள் அம்மா என்ன செய்துகொண்டிருந்தார்?"

தெரியவில்லை. "உங்கள் மரம்?" என்றாள். நான் கையை விரித்தேன். பாவம் என்பது போல என்னைப் பார்த்தாள். அட்டை இல்லாத பெண் கட்டுக்கட்டாகக் காகிதம் வைத்திருப்பவளைப் பார்த்த பார்வை அது. எனக்குக் கோபம் வரவில்லை, ஏக்கமாக இருந்தது.

இதேபோலப் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மார்ச்சில் போனால் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், ஆனால் புகை இருக்கும், ஆஸ்துமாக்காரர்கள் வேண்டாம். மழைக்காலத்தில் பிக்கப் ஏறுவது நிச்சயமில்லை. விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, டிக்கெட் போடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். மே சரியாங்குக்கு மேல் ஏ.டி.எம். கிடையாது, பணத்தைச் சில்லறையாக வைத்திருங்கள். இரவில் குளிரும். தெரிந்தவர் கூட்டிப்போகாமல் கிராமத்துக்குள் போகாதீர்கள், பிள்ளைகளைப் படம் எடுத்து ஏற்றாதீர்கள், நானும் ஏற்றவில்லை. தைலம் வேண்டாம். ஆலோசனையும் கொஞ்சம் குறைவாகக் கொண்டுபோங்கள்.

மே மாதம் முதல் வாரம் தரமு செய்தி அனுப்பினார். அதிகாரி இரண்டு அப்பாக்களையும் தனித்தனியாக விசாரித்தாராம். இரண்டு பேரும் மழையையும் பிக்கப்பையும் மரத்தையும் ஒரே மாதிரி சொன்னார்களாம். போவாவை அட்டைக்குப் படம் எடுத்துவிட்டார்கள், கல்லூரியும் சேர்த்துக்கொண்டது. துபாயில், அல் குசைஸில் என் சமையலறையில் நின்று அதைப் படித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பரமக்குடிப் பக்கம் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, நான் பொறந்த அன்னைக்கு நீ என்னம்மா பண்ணிக்கிட்டிருந்த?"



"இத இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்?" என்றாள் அம்மா. "கம்மா ஒடையப் போகுதுன்னு ஊரே மம்பட்டியத் தூக்கிக்கிட்டு ஓடுது. ஒங்கப்பனும் ஓடிட்டாரு. ஐப்பசி கடைசி. நான் ஒத்தையா கெடந்தேன். கரைய அடைச்சுட்டு மனுசன் சேறும் சகதியுமா வந்து நிக்கிறாரு, நீ பொறந்து கெடக்க. அந்தச் சேத்துக் கையோடயே ஒன்னத் தூக்கிட்டாரு."

அப்பா போய் ஏழு வருடமாகிறது. அவர் என்னை முதலில் தூக்கியது எப்படி என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"தொப்புள்கொடிய எங்கம்மா போட்டீங்க?"

"கொல்லையிலதான் பொதச்சோம். அது மேலதான ஒந்தம்பி செப்டிக் டேங்க் கட்டிவச்சிருக்கான்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகும் அம்மா போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

ஆகவே கடைசியாக ஒன்று. கரேன் மலைக்குக் கிளம்புமுன், பாஸ்போர்ட்டைச் சரிபார்ப்பதோடு, அம்மா இருந்தால் அவரிடம் நீங்கள் பிறந்த நாளைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போங்கள். அங்கே கேட்பார்கள்.