புளிப்பு என்று நான் எழுதிய தேயிலை

வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்யவேண்டும் என்று முடிவானபோது என் எடை நூற்று முப்பத்தொரு கிலோ. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில் நான் டீமேக்கர். கொழுந்து உள்ளே வருவதிலிருந்து தூளாகி மூட்டைக்குள் போவது வரை என் பொறுப்பு. கொழுந்து வாட்டுவது மேல்மாடியில். அங்கே ஏறிப்போய் ஐந்து நிமிடம் மூச்சு வாங்கிவிட்டுத்தான் யாரையும் திட்டமுடியும். திட்டாமல் இறங்கிய நாள் குறைவு.

சர்க்கரை ஏறியது, முழங்கால் மடங்க மறுத்தது. பதுளை கிளினிக்கில் கொழும்புக்குக் கடிதம் கொடுத்தார்கள். எந்த ஆபரேஷன் என்பதை அதற்கு முன்பே என் மச்சினன் தீர்மானித்துவிட்டிருந்தான். பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் அவன் திருச்சிக்குப் போய், இரைப்பையை நீளவாக்கில் வெட்டி ஒரு குழாய் அளவுக்கு மட்டும் விட்டுவைத்து, மிச்சத்தை எடுத்துவிட்டு வந்தவன்.

"நாலாம் நாள் எந்திரிச்சு நடந்தேன் மச்சான். அதையே செஞ்சுக்கங்க" என்றான். அவனுடைய பழைய சட்டைக்குள் இப்போது இரண்டு பேர் நுழையலாம். நானும் அதையே நினைத்துக்கொண்டு கொழும்புக்குப் போனேன்.

அங்கே தொண்டை வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள். மறுநாள் ஒரு டாக்டரம்மா, யாழ்ப்பாணத்துப் பேச்சு, ஒரு தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்து காட்டினார்.

"உங்களுக்கு ஹெர்னியா இருக்கு. வயித்தின்ர ஒரு துண்டு மேல நெஞ்சுக்குள்ள ஏறிட்டுது. அதால அமிலம் மேல வருது. காலமை எழும்பேக்க வாய் புளிக்கிறதோ?"

"புளிக்கும் டாக்டர். அது தேயிலைங்க. நான் தினமும் தேயிலை ருசி பாக்குறவன்" என்றேன்.

"நல்ல தேயிலை புளிக்குமோ?"

டாக்டரம்மா சும்மாதான் கேட்டார். நல்ல தேயிலை புளிக்காது. அது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் தேயிலை புளிக்கத் தொடங்கியிருந்தது. அதாவது எனக்கு. தினமும் காலையில், முந்தின நாள் தூளில் சாயம் வடித்து, வெள்ளைக் கோப்பைகளில் ஊற்றி வரிசையாக வைப்பார்கள். கரண்டியால் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு எழுதவேண்டும். புளிப்பு என்றால் பழி நேராகப் போய் விழும் இடம் ஒன்று உண்டு. உருட்டிய கொழுந்தைப் பரப்பிவைத்து நிறம் ஏறவிடும் அறை. தரையைச் சரியாகக் கழுவாவிட்டாலோ, கொழுந்து அதிக நேரம் கிடந்துவிட்டாலோ தூள் புளிக்கும்.

அந்த அறையைப் பதினெட்டு வருடமாகப் பார்த்துவந்தவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கடிகாரம் பார்க்கமாட்டார். ஒரு கை கொழுந்தை அள்ளி மோந்துபார்த்து, சரி என்பார். நான் தரையை இரண்டு தடவை கழுவச் சொன்னேன். கழுவினார். நேரத்தைக் குறைக்கச் சொன்னேன். குறைத்தார். நேரம் குறைந்ததால் தூளில் பச்சை வாடை அடிக்கிறது என்று, ஏலத்தில் விற்றுத்தரும் கொழும்புத் தரகர்களிடமிருந்து ரிப்போர்ட் வந்தது. அதற்கும் அவரையே திட்டினேன். கடைசியில் ஒருநாள் தூளை ஒரு டின்னில் அடைத்து, சிவப்பு மையில் 'புளிப்பு' என்று எழுதி, சாட்சியாக அலுமாரியில் வைத்துவிட்டு, அவரை விறகு ஷெட்டுக்கு மாற்றினேன். அந்த வயதில் அவர் தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு சுமந்தார்.

டாக்டரம்மா பேசிக்கொண்டே போனார். மச்சினனுக்குச் செய்ததைப் போலச் செய்தால் எடை குறையும், ஹெர்னியாவையும் அதோடு தைக்கலாம். ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு அமிலம் மேலே வருவது தொடரலாம், கூடவும் கூடலாம். இன்னொன்று பைபாஸ். மேலே ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்தெடுத்து, அதைக் குடலோடு இணைப்பது. அமிலம் ஏறிவரும் வழி பெரும்பாலும் அடைபடும். ஆனால் அது பெரிய வேலை. ஆயுள் முழுக்க விட்டமின் மாத்திரை, அடிக்கடி இரத்தப் பரிசோதனை. இனிப்புச் சாப்பிட்டால் தலை சுற்றும்.

"பைபாஸ் செஞ்சா நாக்கு சரியாகுமா டாக்டர்?"

"புளிப்பு போகும் எண்டு நினைக்கிறன். ஆனா ரெண்டிலயும் ருசி மாறக்கூடும். அதை நான் உறுதியாச் சொல்ல மாட்டன்."

அவர் பொய் சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது, பயமாகவும் இருந்தது. எனக்குச் சோறு போடுவது இந்த நாக்குதான். வேறு தொழில் எனக்குத் தெரியாது.

பதுளைக்குத் திரும்பும் ரயிலில் என் மனைவி தாளை மடியில் விரித்துவைத்துக்கொண்டு இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க, கொடல எடுத்து வேற எடத்துல ஒட்டுறதெல்லாம் நமக்கெதுக்கு? தம்பிக்குச் செஞ்சதே போதும்."

பதுளைக்கு முந்தின ஸ்டேஷனான ஹாலிஎல வருவதற்குள் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புளித்தது தேயிலை இல்லை, நான்தான் என்று. அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அப்ப பெருசையே செய்யுங்க. அந்த மனுசன்கிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?"

"மொதல்ல நாக்கு சரியாகட்டும். நிச்சயமாத் தெரியணும்ல?"

"சரியாகலன்னா?"

நிச்சயம் வேண்டும் என்று சொன்னது பாதி உண்மை. மீதி வெறும் கோழைத்தனம். ஆபரேஷனுக்கு முன் இருந்த நாட்களில் விறகு ஷெட் பக்கம் போகாமலிருக்க, தொழிற்சாலையின் பின்வழியாகச் சுற்றிப் போனேன். அந்த எடையோடு அது லேசான வேலையில்லை.

பைபாஸ் செய்தார்கள், ஹெர்னியாவையும் தைத்தார்கள். முதல் வாரங்களில் தண்ணீரைக்கூடக் கரண்டியால்தான் குடித்தேன். ஒருநாள் ஆசைப்பட்டு ஒரு துண்டு கேக் தின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி திட்டவில்லை, விசிறினாள். நெஞ்சு எரிச்சல் மட்டும் ஆபரேஷன் முடிந்த கொஞ்ச நாளிலேயே காணாமல் போயிருந்தது. எத்தனை வருடமாக எரிந்தது என்பதே அது நின்ற பிறகுதான் உறைத்தது.

நான்காம் மாதம் வேலைக்குத் திரும்பினேன். முப்பத்தாறு கிலோ குறைந்திருந்தது. முதல் நாளே அந்த டின்னைத் திறந்தேன். தூளை நிறுத்து, வெந்நீர் ஊற்றி, மணி பார்த்து வடித்தேன். உறிஞ்சினேன். வைத்திருந்து பழசான மணம் இருந்தது. புளிப்பு இல்லை. கண் கலங்கிவிட்டது. உடனே சந்தேகமும் வந்தது. ருசி மாறலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாரே. ஒருவேளை நான் அப்போது சொன்னது சரியாக இருந்து, இப்போதுதான் நாக்கு கெட்டுப்போயிருந்தால்?

அதற்கு இன்னொரு நாக்கு வேண்டும். கோப்பையை எடுத்துக்கொண்டு விறகு ஷெட்டுக்குப் போனேன்.

அவர் கோடரியைச் சாத்தி வைத்துவிட்டு எழுந்து நின்றார். கை இரண்டும் மரப்பட்டை கீறிக் காய்த்துப் போயிருந்தன. கோப்பையை வாங்கி, மோந்துபார்த்துவிட்டு ஒரு வாய் குடித்தார்.

"நல்லாத்தான் இருக்குங்க ஐயா. கொஞ்சம் பழசு."

"ஒங்கள இங்க மாத்துனேனே, அந்த நாள் தூளு இது."

"தெரியுதுங்க. அன்னிக்கு நாங்க அஞ்சு பேரு இதத்தான் ஊத்திக் குடிச்சோம். யாருக்கும் புளிக்கல."

"அப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேங்களே" என்றார். குரலில் கோபம் இல்லை. "போய் வாயக் கழுவிட்டு வந்து குடிச்சுப் பாருன்னீங்க. கழுவிட்டுத்தான் வந்தேன். நீங்க போயிட்டீங்க."

எனக்கு அது சுத்தமாக நினைவில்லை. ஆனால் அது என் வாயில் வரக்கூடிய பேச்சுதான். அவர் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, ஆளில்லாத மேசை முன்னால் நின்றிருக்கிறார்.

"புளிச்சது என் வாய்தாண்ணே. ஒங்க தூளு இல்ல. மன்னிச்சிருங்க. நாளையிலேருந்து பழைய வேலைக்கு வந்துருங்க" என்றேன். அவரை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோப்பையை என் பக்கம் நீட்டினார்.

"ஆறுது, குடிங்க."

"எனக்கு இப்ப அவ்வளவு போகாதுண்ணே."

இரண்டு வாய் குடித்துவிட்டுக் கொடுத்தேன். மிச்சத்தை அவர் நின்றபடியே குடித்து முடித்தார்.